எந்த ஓம்?

சாலை, பாலம், அணை என்று பெரிய வேலைகளைத் திட்டமிடும் அலுவலகங்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி ஒரு பெண் கேட்டாள். பாரிஸை ஒட்டிய லா கூர்னெவில் வளர்ந்த தமிழ்ப் பெண். கேட்டது பிரெஞ்சில். எழுதினால் தமிழில்தான் எழுதுவேன் என்றேன். படிக்கத் தடுமாறுகிறவர்கள் வீட்டில் அம்மாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அம்மாவோடு உட்கார்ந்து பேச ஒரு சாக்குக் கிடைத்த மாதிரியும் ஆகும்.

வளைவு எவ்வளவு, சரிவு எவ்வளவு என்பதையெல்லாம் உங்கள் கம்ப்யூட்டர் என்னைவிட நன்றாகச் சொல்லும். அதில் நான் வாய் திறக்கப் போவதில்லை. நான் சொல்லப்போவது ஒரே ஒரு சொல்லைப் பற்றி. அந்தச் சொல்லை நாங்கள் தப்பாகக் காதில் வாங்கியதால் ஒரு பள்ளத்தாக்கில் ரத்தம் சிந்தியிருக்கும். சிந்தாமல் போனதற்குப் பாரிஸில் ரூ காய் என்ற தெருவில் இருந்த ஒரு மளிகைக்கடை காரணம். சிரிக்காதீர்கள். வேலையில் நான் கண்ட அதிசயங்களில் பெரிய அதிசயம் அங்கே, வெங்காய மூட்டைகளுக்கு நடுவில்தான் நடந்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நான் புதுச்சேரிக்காரன். பிரெஞ்சுக் குடியுரிமை பிறப்பிலேயே வந்தது, பொறியியல் படிப்பு பாரிஸில் வந்தது. ரூ லூயி-பிளாங் பக்கம், கால்வாய் தெரிகிற மாதிரி எங்கள் அலுவலகம். அதன் ஷெஃப், அதாவது தலைமை அதிகாரி, மகா கெட்டிக்காரர், அதே அளவுக்கு முன்கோபி. காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு மேசையெல்லாம் பென்சிலைத் தேடுவார். யாராவது எடுத்துக் கொடுத்தால் அதற்கும் கோபம் வரும்.

அந்தச் சமயம் எங்களுக்கு ஒரு வேலை வந்தது. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, பசிபிக் கடலில், நியூ கலிடோனியா என்று பிரான்ஸின் ஆட்சியில் ஒரு தீவு இருக்கிறது. அங்கே மலைத்தொடரைக் குறுக்கே கடந்து கிழக்குக் கரைக்குப் போக ஒரு சாலை வரைய வேண்டும். அந்த மண்ணின் பூர்வகுடிகள் தங்களைக் கனாக்குகள் என்று சொல்லிக்கொள்வார்கள். மண் யாருடையது என்ற கேள்வியில் தீவு அப்போது கொதித்துக்கொண்டிருந்தது. வழிகளில் தடுப்பு, அங்கங்கே துப்பாக்கிச் சூடு, இரண்டு பக்கத்திலும் சாவு. இப்படிப்பட்ட நேரத்தில் போய்ச் சாலை போடுகிறேன் என்று நிற்க, அந்த மக்களின் சம்மதம் இல்லாமல் முடியாது. ஷெஃப் அதை நன்றாகவே உணர்ந்திருந்தார். ஆகவே என்னையும் கூட்டிக்கொண்டு தீவுக்கே போனார்.

சாலை நுழைய வேண்டிய பள்ளத்தாக்கில் ஒரு பெரியவரைச் சந்தித்தோம். அந்தக் குலத்தின் சார்பில் பேசும் உரிமை அவருக்குத்தான். அங்கே அடுத்தவர் மண்ணை மிதிக்குமுன் ஒரு வழக்கம் உண்டு. ஒரு துண்டுத் துணியை இரண்டு கையாலும் கீழே வைத்து, நான் இன்னார், இதற்காக வந்திருக்கிறேன், உள்ளே வரலாமா என்று சொல்ல வேண்டும். மண்ணுக்குரியவர்கள் அதை எடுத்துக்கொண்டு பதில் சொன்னால் வாசல் திறந்த மாதிரி. அந்தத் துணிக்கு அவர்கள் பெயர் 'மனூ'. நம் பாஷையில் மனு என்றால் விண்ணப்பம், அந்தப் பொருத்தத்தை நினைத்து நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். எங்களுக்கான துணியை உள்ளூர் அதிகாரி ஒருவர் வாங்கி வந்திருந்தார். நம் ஊர் அரசு விழாவில் மாலை போடுகிற அவசரத்தோடு அவரே வைத்தார், அவரே பேசினார், முடிந்தது.

பிறகு ஷெஃப் வரைபடத்தை விரித்து விளக்க ஆரம்பித்தார். பாதை இங்கே ஏறும், இங்கே திரும்பும், இந்த மேட்டை வெட்டும். பெரியவர் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வாக்கியம் முடியும்போதும் "உய்" என்றார். பிரெஞ்சில் ஆமாம். சுற்றி இருந்தவர்களும் மெல்லிய குரலில் கூடவே முனகினார்கள். உய் என்றால் தமிழில் பிழைத்துக்கொள் என்று அர்த்தம். நாங்களும் பிழைத்துக்கொண்டோம் என்றுதான் நினைத்தோம். திரும்பும் விமானத்தில் ஷெஃப் எனக்கு ஒரு கோப்பை வைன் வாங்கிக் கொடுத்தார். அது அவர் வழக்கமே இல்லை.

சில வாரங்கள் கழித்துச் செய்தி வந்தது. அளவையாளர்கள் அந்தக் கோட்டில் நட்ட முளைக்குச்சிகளையெல்லாம் யாரோ பிடுங்கிவிட்டார்கள். பிடுங்கி எறியவில்லை. ஒன்றுகூட உடையாமல், பள்ளத்தாக்கின் நுழைவாயிலில் ஒரே கட்டாக அடுக்கி, நாங்கள் கொடுத்த அதே துணியால் கட்டி வைத்திருந்தார்கள்.

ஷெஃப் கொதித்துப் போனார். "முகத்துக்கு நேரே உய் சொல்லிவிட்டு, முதுகுக்குப் பின்னால் இந்த வேலையா?" என்று சுவர் அதிரக் கத்தினார். ஜாந்தார்ம் என்கிற துப்பாக்கி ஏந்திய காவலர்களின் துணையில்லாமல் இனி உள்ளே போகமாட்டோம் என்றார்கள் அளவையாளர்கள். காவலர்கள் அந்தப் பள்ளத்தாக்கில் கால் வைத்தால் என்ன ஆகும் என்று தீவில் எல்லோருக்கும் தெரியும். கடைசி முயற்சியாக, தந்தி மாதிரியான டெலெக்ஸ் ஒன்று அனுப்பிப் பெரியவரைப் பாரிஸுக்கு அழைத்தார்கள். துணைக்கு அவருடைய மருமகள், அதாவது தங்கையின் மகள், வந்தாள். அந்தப் பள்ளத்தாக்கின் மருந்தகத்தில் நர்ஸ். அன்று மாலைக்குள் சம்மதம் உண்டா இல்லையா என்று மேலிடத்துக்கு டெலெக்ஸ் போக வேண்டும். சம்மதம் என்று போனால், காவலர் துணையோடு அதே கோட்டில் வேலை தொடங்கும். அதற்குப் பிறகு எதிர்ப்பவர்கள் கலகக்காரர்கள் ஆகிவிடுவார்கள்.

காலையில் எங்கள் கூட்ட அறைக்கு இருவரும் வந்தார்கள். குளிர்காலம். பெரியவர் யாரோ கடன் கொடுத்த மேல்கோட்டுக்குள் மூழ்கிப் போயிருந்தார். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு பூப்போட்ட துணியை எடுத்து, இரண்டு கையாலும் மேசைமேல் வைத்தார். "உங்கள் வாசலில் வந்து நிற்கிறோம். இங்கே பேசும் முன், இந்த மண்ணுக்கு உரியவர்களிடம் இதை வைக்கிறோம்," என்றார்.

தீவில் துணி வைப்பது எங்கள் வேலை என்று எங்களுக்குத் தெரியும். பாரிஸில் அவர் வைப்பார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஷெஃப், "அடடா, எதற்கு இதெல்லாம், மிக்க நன்றி," என்று அவசரமாகத் துணியை ஓரத்துக்குத் தள்ளினார். அப்போது பார்த்துக் காப்பி வந்தது. காப்பித் தட்டை வைக்க இடம் தேடிய கை அதை அந்தத் துணியின் மேலேயே வைத்தது. பெரியவர் அதைப் பார்த்தார். மருமகளும் பார்த்தாள். பிறகு இருவரும் உட்கார்ந்தார்கள்.

ஷெஃப் மறுபடியும் எல்லாவற்றையும் விளக்கினார். பெரியவர் மறுபடியும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "உய்" என்றார். மதியத்துக்குள் முடிந்துவிட்டது. ஷெஃப் எழுந்து என் காதோரம் வந்து, "பார்த்தீர்களா? நேரில் பேசினால் எல்லாம் சரியாகிவிடும்," என்றார். இவர்களைச் சாப்பிடக் கூட்டிப் போகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

சோறும் மீனும் கிடைக்குமா என்று மருமகள் கேட்டாள். அப்போது ரூ காயில் தமிழ்க் கடைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்து, ஒரு கடை, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று என்று தொடங்கியிருந்த காலம். எனக்குப் பழக்கமான ஒரு மளிகைக்கடை இருந்தது. பின்புறம் இரண்டு மேசை போட்டுச் சோறும் கொடுப்பார்கள். கடைக்காரர் என்னைவிட ஐந்தாறு வயது இளையவர், என்னை அண்ணை என்பார். பிரான்ஸில் தங்க அனுமதி கேட்டு விண்ணப்பித்து, ரெசிப்பிசே என்கிற தற்காலிகத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பதிலுக்காகக் காத்திருந்தவர். கடைகூட ஒன்றுவிட்ட அண்ணன் பெயரில்தான் இருந்தது.

உள்ளே நுழைந்ததும் எனக்கு என் வீட்டுக் கவலை வந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை என் மகளின் புதுநன்மை, தேவாலயத்தில் அவள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். விருந்துக்கு வாழையிலை வேண்டும் என்று போன வாரமே சொல்லியிருந்தேன்.

"தம்பி, இலை வந்துடுச்சா?"

"எந்த இலை அண்ணை?"

"என்ன தம்பி இது? போன வாரம் அரை மணி நேரம் நின்னு சொன்னேனே! ஞாயித்துக்கிழமை, நாப்பது பேரு, தலைவாழை இலையா பாத்துன்னு. நீங்களும் ஓம் ஓம்னு சொன்னீங்களே!"

அவர் வெங்காயம் நிறுப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். முகத்தில் துளிக் குற்ற உணர்ச்சி இல்லை.

"நான் எப்ப அண்ணை தாறன் எண்டு சொன்னனான்? நீங்கள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு நிண்டனான். ஓம் சொல்லாட்டி, இவன் காது குடுக்கிறானில்லை எண்டெல்லோ நினைப்பியள்? கொண்டர ஏலும் எண்டால் கொண்டாறன் எண்டு சொல்லியிருப்பன். நீங்களும் 'ஏலுமோ' எண்டு ஒரு வார்த்தை கேக்கேல்லையே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானும் தமிழன், இவரும் தமிழர், ஆமாம் என்ற ஒரு சொல்லுக்கு இத்தனை வியாக்கியானமா? குரலை உயர்த்தினேன். அவரும் விடவில்லை. பின்னால் நின்ற நர்ஸ், என்ன சண்டை என்று கேட்டாள். நான் அதே எரிச்சலோடு பிரெஞ்சில் சொன்னேன். இவர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, அதற்குக் 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்றுதான் அர்த்தம், 'சரி' என்று அர்த்தமில்லை என்கிறார்.

அதைக் கேட்டதும் பெரியவர் சிரித்தார். தீவிலும் சரி, பாரிஸிலும் சரி, நான் பார்த்த அவருடைய முதல் சிரிப்பு அதுதான். கடன் வாங்கிய கோட்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். மருமகள் தன் மாமாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "இந்த மனிதர் எங்கள் ஊர்க்காரர் மாதிரி இருக்கிறாரே," என்றாள்.

நான் அவள் பக்கம் திரும்பினேன். அவளிடம் மெதுவாகக் கேட்டேன். "காலையில் மாமா சொன்ன உய் எல்லாம்?"

"உங்கள் ஷெஃப் பேசினார். மாமா காது கொடுத்தார். பேசுகிறவரைத் தனியாக விட்டுவிடக் கூடாது இல்லையா? பேசி முடித்ததும் எங்களிடம் ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தோம். அவர் கைகுலுக்கிவிட்டு எழுந்துவிட்டார். தீவிலும் அப்படித்தான்."

வாழையிலை, புதுநன்மை எல்லாம் என் தலையிலிருந்து பறந்துவிட்டன. அலுவலகத்துக்கு ஓட வேண்டும். ஆனால் அதற்குள் கடைக்காரர் பின்புறத்திலிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து பெரியவருக்குப் போட்டார். ஒரு தேநீரைக் கையில் கொடுத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஐயா எந்த ஊர், அண்ணை?"

நாம் எல்லோரும் கேட்கிற கேள்விதான். காலையிலிருந்து எங்கள் அலுவலகத்தில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. நான் மொழிபெயர்த்தேன். பெரியவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டு நேராக உட்கார்ந்து பதில் சொன்னார். தன் குலத்தின் பெயர், அது இறங்கி வந்த மலையின் பெயர், ஆற்றின் பெயர். சொல்லி முடித்ததும் பையில் மிச்சமிருந்த இன்னொரு துணியை எடுத்தார். எழுந்து நின்றார்.

"இந்த மண்ணுக்கு உரியவரைக் காலையிலிருந்து தேடுகிறேன். அது நீங்களா?" என்றார்.

இதை நான் தமிழில் சொன்னபோது கடைக்காரரின் முகம் மாறிவிட்டது. "ஐயோ, அவருக்குச் சொல்லுங்கோ அண்ணை. நான் இஞ்சத்தை ஆள் இல்லை. எனக்கே இஞ்சை நிக்கலாமோ எண்டு இன்னும் முடிவில்லை. என்னட்டை வந்து மண்ணைக் கேக்கிறாரே."

பெரியவர் கேட்டுக்கொண்டார். "உய்," என்றார். இப்போது அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். பிறகு சொன்னார்: "உட்கார இடம் கொடுத்தீர்கள். எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டீர்கள். வாசல் உங்களிடம்தான் இருக்கிறது."

துணியைத் தரையில், அரிசி மூட்டைக்கு முன்னால், இரண்டு கையாலும் வைத்தார்.

கடைக்காரர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வழக்கத்தை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர் உள்ளே போய்க் கையைக் கழுவினார். செருப்பைக் கழற்றினார். வந்து குனிந்து, துணியை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு மேல்தட்டிலிருந்து ஒரு புது வேட்டியை எடுத்து, அதன்மேல் வெற்றிலை வைத்து, அதே மாதிரி நீட்டினார்.

"நான் நிக்கிற மண் என்ரை இல்லை, ஐயா. என்ரை மண்ணிலை நான் நிக்கேல்லை. ஆனால் இந்தக் கடைவாசல் என்ரை. இதுக்குள்ளை நீங்கள் வரலாம், இருக்கலாம், கதைக்கலாம்."

நான் அதை வார்த்தைக்கு வார்த்தை பிரெஞ்சில் சொன்னேன். பிரமித்துப் போய் நின்றேன். உலகத்தின் இரண்டு முனைகளிலிருந்து வந்தவர்கள். ஒருவர் தன் மண்ணிலேயே கேட்பாரற்றவர், மற்றவர் எந்த மண்ணும் கைவசம் இல்லாதவர். எங்கள் அலுவலகத்தின் ஆட்களும் கருவிகளும் விமானச் சீட்டுகளும் சேர்ந்து செய்ய முடியாத ஒன்றை இரண்டு துண்டுத் துணியால் செய்து முடித்துவிட்டார்கள். பெரியவர் வேட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "இப்போது பேசலாம். உங்கள் ஷெஃப் வரட்டும்," என்றார்.

நான் ஓடினேன். கால்வாய்ப் பக்கம் திரும்பும்போது ஒரு கிழவியின் மேல் மோதாத குறை.

"டெலெக்ஸ் போய்விட்டதா?" என்றேன், மூச்சு வாங்க.

"டெலெக்ஸ் அடிக்கிற பெண் சாப்பிடப் போயிருக்கிறாள். வந்ததும் போகும்," என்றார் ஷெஃப். பிரான்ஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாரும் கை வைக்க முடியாது. அதைப் பற்றி நான் எத்தனையோ முறை முணுமுணுத்திருக்கிறேன். அன்றைக்குப் பிறகு ஒருபோதும் முணுமுணுத்ததில்லை.

"ஷெஃப், அவர் சம்மதிக்கவில்லை."

"என் காதால் கேட்டேன். நீங்களும்தான் கேட்டீர்கள். எத்தனை உய்!"

"அவை எந்தக் கேள்விக்குப் பதில்?"

"என்ன?"

"நாம் என்ன கேட்டோம், ஷெஃப்? எந்தக் கேள்வியைக் கேட்டோம்?"

"எல்லாவற்றையும் விளக்கினோமே! இரண்டு தடவை, அங்கே ஒன்று, இங்கே..."

அங்கேயே நின்றுவிட்டார். நம் மொழியில் கேட்பது என்றால் காது கொடுப்பதும்தான், கேள்வி கேட்பதும்தான். பிரெஞ்சில் அவை வேறு வேறு சொற்கள், ஆகவே இதை அவருக்கு இப்படி விளக்க எனக்கு வழியில்லை. அவசியமும் ஏற்படவில்லை. காதிலிருந்து பென்சிலை எடுத்து மேசைமேல் வைத்தார். சத்தம் போடவில்லை. கூட்ட அறைக்குப் போய்க் காப்பித் தட்டைத் தூக்கினார். பூப்போட்ட துணியில் வட்டமாக ஒரு காப்பிக் கறை.

பிள்ளைகளே, இந்த இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். மேலிடம் காத்திருக்கிறது. கையில் வெற்றி எழுதித் தயாராக இருக்கிறது. அதை அனுப்பினால் ஒருவரும் அவரைக் குறை சொல்லப் போவதில்லை. கீழே வேலை பார்க்கும் ஒருவன் வந்து, நீங்கள் கேட்டது தப்பு என்கிறான். நான் அதற்குப் பிறகு எத்தனையோ பெரிய மனிதர்களிடம் வேலை பார்த்தேன். அப்படிப்பட்ட நேரத்தில், தன் கோபத்தை விழுங்கிக்கொண்டு, கோட்டைக்கூட மாட்டாமல் துணியோடு தெருவில் இறங்கிய ஒரே ஆள் அவர்தான். குளிரில் வேகமாக நடந்தார். கடைவாசலுக்கு வந்ததும், "நான் என்ன சொல்ல வேண்டும்?" என்று மட்டும் கேட்டார்.

"வரலாமா என்று கேளுங்கள். பிறகு சும்மா இருங்கள்," என்றேன். அவருக்கு இரண்டாவதுதான் கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

மிளகாய் நெடியில் இரண்டு தடவை தும்மிவிட்டு உள்ளே வந்தார். கடைக்காரர் துணியிலிருந்த கறையைப் பார்த்துவிட்டு, "குடுங்கோ, தோய்ச்சுத் தாறன்," என்று கையை நீட்டினார். ஷெஃப் கொடுக்கவில்லை. பெரியவருக்கு முன்னால் வந்து, கறையை மறைக்காமல், துணியை இரண்டு கையிலும் ஏந்தினார்.

"காலையில் நீங்கள் வைத்த துணியை நான் எடுக்கத் தெரியாமல் விட்டுவிட்டேன். இப்போது எடுத்துக்கொள்கிறேன்," என்றார். ஒரு மூச்சு விட்டார். "உங்கள் பள்ளத்தாக்குக்குள் எங்கள் சாலை வரலாமா?"

ஒருவரும் உய் சொல்லவில்லை. கடைக்கு வந்த ஒரு பெண், கையில் கறிவேப்பிலையோடு, எங்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். ஷெஃபின் கை இரண்டு முறை காதில் பென்சிலைத் தேடியது. ஆனாலும் மனிதர் வாயைத் திறக்கவில்லை.

"இல்லை," என்றார் பெரியவர்.

அவ்வளவு மெதுவாக, அவ்வளவு மரியாதையாகச் சொல்லப்பட்ட 'இல்லை'யை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. எங்களுக்குக் கிடைத்த முதல் பதில் அதுதான். ஷெஃப் தலையைக் குனிந்து அதை வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் பெரியவர் பேசத் தொடங்கினார்.

நாங்கள் வெட்டுவதாக இருந்த மேட்டில் அவர்களுடைய பழைய குடியிருப்பு இருந்தது. குலத்துக்குப் பொதுவான பெரிய வீடு ஒருகாலத்தில் நின்ற மண்மேடு, அதற்கு இட்டுச்செல்லும் பாதை, பாதையின் இரண்டு பக்கமும் தூண் மாதிரி நெட்டையாக வளர்ந்த பைன் மரங்கள். ஒவ்வொரு மரமும் ஒருவர் பேரில் நட்டது. அங்கே யாரும் குடியிருக்கவில்லை, ஆகவே எங்கள் வரைபடத்தில் அது வெற்றிடம். எங்கள் கோடு அந்த இடத்துக்குள் பின்புறமாக, இறந்தவர்கள் இருக்கும் பக்கத்திலிருந்து நுழைந்தது.

"பின்புறமாக வருகிறவன் திருடன். நீங்கள் திருடர்கள் இல்லை என்று எங்களுக்குத் தெரியும்," என்றார் பெரியவர். "ஆகவே உங்கள் குச்சிகளை எறியவில்லை. உங்கள் துணியிலேயே கட்டி, வாசலில் வைத்தோம். எடுத்துப்போக வருவீர்கள், அப்போது பேசலாம் என்று நினைத்தோம். நீங்கள் டெலெக்ஸ் அனுப்பினீர்கள்."

ஷெஃப் கண்ணை மூடிக்கொண்டார்.

"சாலை எங்களுக்கு வேண்டும்," என்றாள் நர்ஸ். அதுவரை மாமாவுக்காகக் காத்திருந்தவள் அவள். "போன மழைக்காலத்தில் பிரசவ வலியோடு ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தோம். குழந்தை நடு ஆற்றில் பிறந்தது. பிழைக்கவில்லை. உங்களைவிட எனக்குத்தான் அந்தச் சாலை வேண்டும். ஆனால் வாசல் வழியாக வாருங்கள். ஆற்றோரமாக வாருங்கள். நாங்கள் கூடவே நடந்து காட்டுகிறோம்."

ஷெஃப் சட்டைப்பையிலிருந்து மடித்த வரைபடத்தை எடுத்து அரிசி மூட்டைமேல் விரித்தார். பேனாவை எடுத்து அவளிடம் நீட்டினார். பெரியவர் தலையசைத்து மறுத்தார். அங்கே வந்து காலால்தான் வரைய வேண்டும் என்றார். அன்று மாலை மேலிடத்துக்கு வேறொரு டெலெக்ஸ் போனது. சம்மதம் இல்லை, வேலையை நிறுத்துங்கள், மறுபடியும் போகிறோம் என்று. அதற்காக ஷெஃப் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. ஒன்றையும் என் பக்கம் திருப்பிவிடவில்லை.

மறுபடியும் போனோம். எங்கள் துணியை நாங்களே வாங்கி, நாங்களே வைத்தோம். அந்தக் குலத்துப் பெண்களும் ஆண்களும் முன்னால் நடக்க, குச்சிகளைத் தூக்கிக்கொண்டு நாங்கள் பின்னால் நடந்தோம். இங்கே நடலாமா என்று ஒவ்வொரு குச்சிக்கும் கேட்டோம். சில இடத்தில் சரி என்றார்கள், பல இடத்தில் இல்லை என்றார்கள், ஒரு இடத்தில் அவர்களே தங்களுக்குள் இரண்டு நாள் சண்டை போட்டார்கள். சாலை நீண்டுவிட்டது, செலவும் ஏறியது. எந்தக் காவலரும் துணைக்கு வரவில்லை, தேவையும் இருக்கவில்லை. அந்தப் பள்ளத்தாக்கில் நடப்பட்ட ஒரு குச்சிகூட அதற்குப் பிறகு இடம் மாறவில்லை.

இப்போது இதற்கெல்லாம் உங்களுக்குப் பெரிய பெரிய பெயர்கள் இருக்கின்றன. கலந்தாய்வு, பங்கேற்பு, திரையில் வண்ணப்படங்கள். நல்லதுதான். ஆனால் ஒரு கூட்டம் முடிந்து எழுந்து வரும்போது உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்: இன்று நான் எதை விளக்கினேன் என்று கேட்காதீர்கள், எதைக் கேட்டேன் என்று கேளுங்கள். 'இல்லை' என்று ஒருவர் சொல்லக்கூடிய கேள்வி அதில் ஒன்றாவது இருந்ததா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்கள் கையில் இருப்பது சம்மதம் கிடையாது.

சாலை திறந்த அன்று பைன் மரங்களைப் பார்த்தேன். ஆற்றோரமாக வந்து, வாசலுக்கு எதிரே ஒரு நல்ல வளைவாகத் திரும்பி, சாலை அவற்றை விட்டு விலகிப் போகிறது. அவ்வளவு உயரமான அமைதியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பெரியவர் அதற்குள் காலமாகிவிட்டிருந்தார். நர்ஸ் என்னை ஊரில் இப்போதிருக்கும் பெரிய வீட்டுக்குள் கூட்டிப்போய் நடுத்தூணைக் காட்டினாள். தங்களுக்கு உறவான குலங்களின் துணிகளை அங்கே கட்டி வைப்பார்களாம். பூப்போட்ட துணிகளுக்கு நடுவில், ஓரத்தில் சரிகையோடு, நம் வேட்டி.

"அந்த மனிதரிடம் சொல்லுங்கள். அவர் வாசலில் எங்களை உட்கார வைத்தார். எங்கள் மண்ணில் அவருக்கு வாசல் திறந்திருக்கிறது. உள்ளே வர அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை," என்றாள்.

பாரிஸுக்கு வந்த மறுநாளே ரூ காய்க்குப் போனேன். கடை அப்படியேதான் இருந்தது. அவருடைய சட்டைப்பையில் அதே தற்காலிகத் தாள், எத்தனையாவது முறையோ புதுப்பித்தது. வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தார். நான் சாலையைச் சொன்னேன். "ஓம்," என்றார். பைன் மரங்களைச் சொன்னேன். "ஓம், ஓம்." நடுத்தூணில் அவருடைய வேட்டி கட்டியிருப்பதைச் சொன்னேன். தராசு முள்ளைப் பார்த்தபடியே, "ஓம்," என்றார். கடைசியாக அந்தப் பெண் சொல்லியனுப்பியதை அப்படியே சொன்னேன்.

அவர் கை நின்றது. பிறகு மிக மெதுவாக, "ஓம்," என்றார்.

வாழையிலை விஷயத்தில் சூடு பட்டவன் நான். புதுநன்மை விருந்தை அட்டைத் தட்டில் பரிமாறியதை என் மனைவி இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள். ஆகவே விடவில்லை.

"தம்பி, இது எந்த ஓம்?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். கண் நிறைந்திருந்தது, சிரித்தார்.

"இது வாறன் எண்ட ஓம், அண்ணை."